மரம் இழுத்த ரயில் பாதையில் நடந்துவிட்டு வந்தேன்: நம் ஊரில் இப்படி ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

செந்தூல்காரன்
சனி, இரவு 9.40

தைவான் போய் வந்து ஒரு வாரம் ஆகிறது. முழங்கால் வலி இன்னும் விடவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் எழுதிவிடலாம் என்று வந்தேன்.

வீட்டில் போட்ட திட்டம் எல்லாம் இரவுச் சந்தைதான். ஒன்று முடிந்தால் இன்னொன்று. ஆனால் நான் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த வீட்டில் வளர்ந்தவன். அங்கே நூறு வருஷத்து மலை ரயில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு விட மனசு வருமா? கெஞ்சி இரண்டு நாள் வாங்கிக்கொண்டு அலிஷான் போனோம்.

1895-ல் தைவான் ஜப்பான்காரன் கைக்குப் போனது. மலைக்குமேல் ஆயிரம், இரண்டாயிரம் வருஷத்து சைப்ரஸ் மரங்கள் காடாக நிற்பதைப் பார்த்துவிட்டான். வெட்டலாம், ஆனால் கீழே கொண்டுவர வழியில்லை. அடிவாரத்து சியாயி நகரம் கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர். அலிஷான் 2,216 மீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவே 71 கிலோமீட்டருக்குப் பாதை வளைத்து, 1912-ல் ரயில் விட்டார்கள். தண்டவாளத்துக்கு இடையே 762 மில்லிமீட்டர்தான், நம் கேடிஎம் (மலேசிய ரயில்வே) பாதையின் முக்கால் அகலம். பெட்டிக்குள் எதிர் எதிரே உட்கார்ந்தால் முட்டியும் முட்டியும் இடிக்கிறது.

அந்த மரத்தின் மதிப்புக்கு ஒன்று சொல்கிறேன். டோக்கியோ மெய்ஜி ஆலயத்தின் முன்னால் இருக்கும் பெரிய மர வாசல் இருக்கிறதே, 1920-ல் முதலில் நிறுத்தியது அலிஷான் மரம். அது மின்னலில் சேதமாகி, 1975-ல் வைத்த புதியதும் தைவான் சைப்ரஸ்தான்.

பெரிய பாதையில் இன்றைக்கும் ரயில் ஓடுகிறது. 2009 புயலில் அறுந்தது, முழுப் பாதையும் மறுபடி திறக்க 2024 ஜூலை ஆகிவிட்டது. நான் சொல்ல வந்தது அதிலிருந்து காட்டுக்குள் பிரிந்து போன கிளைப் பாதைகளைப் பற்றி. மரம் தீர்ந்ததும் அந்தக் கிளைகளை விட்டுவிட்டார்கள். அதில் ஒன்றுதான் இப்போது தெஃபூயே நடைபாதை. மொத்தம் 6.32 கிலோமீட்டர். ட்சுஜோங் என்ற இடத்தில், ஏறக்குறைய 2,300 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. முதல் 3.7 கிலோமீட்டர் பழைய மர ரயில் பாதை. அப்புறம் படிக்கட்டாக இறங்கி த்சோ பழங்குடிகளின் தெஃபூயே கிராமத்துக்குப் போகிறது. ரயிலுக்கு முன்னால் அது அவர்களுடைய வேட்டைப் பாதை.

அந்த முதல் பகுதியில் நடந்தால் புரியும். காட்டுப் பாதை என்றால் ஏறும், இறங்கும், வேர் தடுக்கும். இது தட்டையாகப் போகிறது. வளைவுகூட மெதுவாக, ஒரே அளவாக வளைகிறது, ஏனென்றால் ரயிலால் திடீரென்று திரும்ப முடியாது. இரண்டு தண்டவாளமும் தரையிலேயே கிடக்கின்றன, நடுவில் பலகை போட்டிருக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பின் மேல் பாசி. பக்கத்தில் பழைய அடிமரம் ஒன்று, நாலு பேர் கைகோர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதன் தலையில் புதுச் செடி முளைத்து, அதுவே இப்போது மரமாகிவிட்டது. மழை விட்ட நேரம் என்பதால் சைப்ரஸ் வாசனை. சாமி அறையில் புது மரப்பெட்டியைத் திறந்த மாதிரி.

தண்டவாளத்தின் பக்கவாட்டில் ஏதோ எழுத்து புடைத்துக்கொண்டு தெரிந்தது. குனிந்து பார்த்தேன், துரு மூடி ஒன்றும் படிக்க முடியவில்லை. படம் போட்டிருக்கிறேன், யாருக்காவது புரிந்தால் சொல்லுங்கள்.

கேள்வி இதுதான். நம் மலேசியாவிலும் காடு வெட்டினார்கள், ரயிலும் விட்டார்கள். நடக்கிற மாதிரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

---

கிள்ளான் கோப்பி
சனி, இரவு 10.05

தைவான் வரைக்கும் காசு கட்டிப் போய்த் துருப்பிடித்த இரும்பைக் குனிந்து பார்த்துவிட்டு வந்த ஒரே மனுஷன் நீங்கள்தான் அண்ணா. அண்ணிக்கு என் அனுதாபம்.

சரி, ஒரு சந்தேகம். 2,000 மீட்டருக்கு மேல் ரயில் எப்படி ஏறும்? நம் தைப்பிங் பக்கம் கொஞ்சம் ஏற்றம் வந்தாலே அந்தக் காலத்து ரயில் மூச்சு வாங்கும் என்று தாத்தா சொல்வார்.

---

கம்பிச்சடக்கு
ஞாயிறு, காலை 7.15

நான் பதில் சொல்லலாமா? கேடிஎம்மில் பாதைப் பராமரிப்பில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு இப்போது பேரப்பிள்ளைகளின் பொம்மை ரயிலுக்குப் பாதை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரயில் ஏற இரண்டு தந்திரம். ஒன்று பாதையில், ஒன்று எஞ்சினில்.

பாதையில்: நேராக ஏற முடியாவிட்டால் சுற்று. அலிஷானில் ஒரு குன்றை மூன்று முறை சுற்றி ஏறுகிறது. ஜன்னலில் பார்த்தால் அதே ஸ்டேசன் மூன்று உயரத்தில் மூன்று தடவை தெரியும். அதற்கு மேல் சுற்றவும் இடமில்லாதபோது முன்னும் பின்னுமாக ஏறும். முட்டுச்சுவர் வரை போய் நிற்கும், தண்டவாளம் பிரியும் இடத்தில் முள் மாற்றுவார்கள், பின்பக்கமாக அடுத்த தட்டுக்கு ஏறும், மறுபடி நிற்கும், மறுபடி முன்னால். மலையில் ‘இசட்’ எழுதின மாதிரி. மிகக் கூடிய ஏற்றம் 16-க்கு 1. ரயிலுக்கு அது சுவர் ஏறுகிற மாதிரி.

எஞ்சினில்: சாதாரண நீராவி எஞ்சினில் சிலிண்டர் படுத்திருக்கும், தண்டு நேராகப் பெரிய சக்கரத்தைத் தள்ளும். ஏற்றத்தில் வழுக்கும். மிச்சிகனில் மரம் வெட்டிக்கொண்டிருந்த எஃப்ராயிம் ஷே என்பவர் வேறு விதமாக யோசித்தார், 1881-ல் காப்புரிமை வாங்கினார். சிலிண்டர்களை எஞ்சினின் வலப்பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். அவை ஒரு நீளமான தண்டைச் சுற்றும். அந்தத் தண்டு பல்சக்கரம் வழியாக எல்லாச் சக்கரத்தையும் சுற்றும். வேகம் இல்லை, மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் வழுக்காது, கோணல் பாதையிலும் படிந்து போகும். அமெரிக்கக் காட்டுக்கென்று செய்த இதே எஞ்சின்தான் அலிஷானிலும். 18 டன் ஒரு வகை, 28 டன் ஒரு வகை.

தம்பி செந்தூல், அப்பா எந்த ஷாப்பில் இருந்தார்? பாய்லரா, வேகனா?

---

செந்தூல்காரன்
ஞாயிறு, காலை 8.02

வேகன் ஐயா. எழுபதுகளில்.

இப்போதுதான் விளங்குகிறது. நான் ரயில் பழுதாகிப் பின்னால் உருள்கிறது என்று நினைத்துப் பயந்துபோனேன். பக்கத்தில் இருந்த தைவான் பாட்டி என் கையைத் தட்டிச் சிரித்தார்.

---

மலைமகள்
ஞாயிறு, காலை 10.30

பினாங்கிலிருந்து வணக்கம். மலை ரயில் என்று வந்துவிட்ட பிறகு எங்கள் கொடிமலையை விட்டுவிட்டுப் பேசலாமா? 1923-லிருந்து ஓடுகிறது. அலிஷான் மாதிரி சுற்றுவதில்லை, கம்பிவடத்தில் நேராக ஏறும். பழைய பெட்டிகள் இருந்த காலத்தில் ஒன்று இறங்க, அந்தக் கனத்தில் மற்றது ஏறும். நடுவழியில் ஒன்றையொன்று கடக்கும்போது குழந்தைகள் எல்லாம் டாட்டா காட்டுவோம்.

மர ரயிலிலும் இதே வித்தை உண்டு. என் தாத்தா பொள்ளாச்சிப் பக்கம். அங்கே டாப் ஸ்லிப் என்ற இடம் இருக்கிறது, மலை உச்சியிலிருந்து தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டதால் வந்த பெயர். அதற்கு அந்தப் பக்கம் பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை கொச்சி மகாராஜா 1907-ல் ஒரு மர டிராம் பாதை போட்டார், சுமார் 80 கிலோமீட்டர். செங்குத்தான இடங்களில் எஞ்சின் கிடையாது. மேலே இருந்து மரம் ஏற்றிய பெட்டி கம்பிவடத்தில் இறங்கும், அதன் கனமே கீழே இருக்கும் காலிப் பெட்டியை இழுத்து ஏற்றும். கரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். பிரேக் பிடிக்கிற ஆள் மட்டும் தூங்கக்கூடாது. 1963-ல் மூடிவிட்டார்கள். ஊருக்குப் போயிருந்தபோது காட்டில் மண்ணுக்குள் அதன் இரும்பு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

---

கிள்ளான் கோப்பி
ஞாயிறு, பகல் 12.10

அண்ணன் கேட்டது நம் நாட்டைப் பற்றி. எல்லோரும் வெளிநாட்டுக்கே டிக்கெட் எடுக்கிறீர்கள்.

நான் ஆரம்பிக்கிறேன். கோலாலம்பூரில் பழைய ரயில் பாதை ஒன்றும் நடைபாதை ஆகவில்லை, எல்ஆர்டி என்ற நகர ரயில் ஆகிவிட்டது. அம்பாங்குக்குப் பழைய ரயில் கிளை ஒன்று இருந்தது. அந்த வழியில்தான் 1996-ல் எல்ஆர்டி வந்தது. தினமும் அதில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவன் நான். அதுவும் ஒரு வகை நடைபாதைதான், காலை ஏழரை மணிக்குப் பாருங்கள், எல்லாரும் எல்லார் காலையும் மிதித்து நடக்கிறார்கள்.

---

கம்பிச்சடக்கு
ஞாயிறு, பிற்பகல் 3.40

மர ரயில் நம் பக்கமும் இருந்தது, ஆனால் அலிஷான் மாதிரி கம்பீரமாக இல்லை. சதுப்புக் காட்டில் லோரி இறங்காது, புதைந்துவிடும். சரவாக்கின் சதுப்புக் காடுகளில் ஆட்களே மரத்தைச் சறுக்குக் கட்டையில் வைத்து இழுத்துச் சிறிய ரயில் பாதை வரை கொண்டுவருவார்கள். அந்தச் சறுக்குக்குக் ‘குடா-குடா’ என்று பெயர். குதிரை என்று அர்த்தம், இழுத்தது என்னவோ மனுஷன்தான். அந்தப் பாதைகள் எதையும் யாரும் பாதுகாக்கவில்லை. கட்டையின் மேல் கட்டை போட்டு நீரில் மிதக்கவிட்ட மாதிரி அமைப்பு. வேலை முடிந்ததும் இரும்பைக் கழற்றி அடுத்த காட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மிச்சம் அழுகிவிடும்.

தோட்டத்துச் சின்ன ரயிலும் உண்டு. தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராத்தாவில் செம்பனைக் குலை ஏற்றிச் செல்ல இன்னும் ஓடுகிறது.

இன்னொரு விஷயம். நடைபாதை ஆகவேண்டுமென்றால் முதலில் பாதை அங்கேயே கிடக்க வேண்டும். நம் ஊரில் இரும்பு கிடந்தால் மூன்று நாள் தாங்குமா?

---

ஜொகூர் பையன்
ஞாயிறு, இரவு 8.20

அண்ணே, நம் ரயில் பாதைதான், நம் இரும்புதான், நடைபாதையும் ஆகிவிட்டது. ஆனால் இருப்பது சிங்கப்பூரில்.

நான் தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவன். தஞ்சோங் பாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய கேடிஎம் பாதை தெரியும்தானே. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில். ஜொகூர் சுல்தானே எஞ்சினில் ஏறி ஓட்டிக்கொண்டு போனார். அந்த இரவு நான் புக்கிட் தீமாவில் வேலியோரம் நின்றேன், கூட்டம் தாங்கவில்லை. ஒரு கிழவர், ரயில்வே சட்டை போட்டவர், யாரிடமும் பேசாமல் தண்டவாளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு தண்டவாளத்தைக் கழற்றி மலேசியாவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள், சில இடங்களில் மட்டும் அடையாளத்துக்கு விட்டிருக்கிறார்கள். இப்போது அது 24 கிலோமீட்டர் நடைபாதை. புக்கிட் தீமாவில் இரண்டு இரும்புப் பாலமும் அப்படியே நிற்கின்றன, பழைய ஸ்டேசனையும் புதுப்பித்து 2022-ல் திறந்தார்கள்.

சனிக்கிழமை நடப்பேன். நல்ல பாதைதான். ஆனால் சைக்கிள்காரர்கள் தொல்லை. பின்னாலிருந்து மணி அடித்து நம்மைப் பள்ளத்தில் தள்ளுகிறார்கள். மழை பெய்தால் செம்மண் சேறு, வெள்ளைச் சப்பாத்து போடாதீர்கள்.

---

செந்தூல்காரன்
ஞாயிறு, இரவு 9.55

இரும்பைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள் என்றதும் கேட்கிறேன். கம்பிச்சடக்கு ஐயா, ரயில் பாதையைக் கழற்றுவது அவ்வளவு சுலபமா? அலிஷானில் விட்டுவிட்டார்களே.

---

கம்பிச்சடக்கு
திங்கள், காலை 6.50

சுலபம்தான் தம்பி. சிலிப்பர் கட்டையில் அடித்த ஆணியைப் பிடுங்கு, மீன் தகடு என்று சொல்லும் இணைப்புப் பட்டையைக் கழற்று, எட்டுப் பேர் கடப்பாரை வைத்துத் தூக்கு, வண்டியில் ஏற்று. காட்டுக்குள் விடுவது கொண்டுவரும் கூலி கட்டுபடியாகாதபோது மட்டும்தான்.

கழற்றுவதைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். இதை எங்கள் பழைய மண்டோர்கள், அதாவது மேஸ்திரிகள், அடிக்கடி சொல்வார்கள். இன்றைக்கு மலாக்காவுக்கு ரயிலில் போகிறவர் எங்கே இறங்குகிறார்? பூலாவ் செபாங்கில். அங்கிருந்து பஸ். ஏன்? மலாக்கா ஊருக்குள் ரயில் போனதே இல்லையா? போனது. தம்பினிலிருந்து மலாக்கா வரை கிளைப் பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்து அதை ஒட்டக் கழற்றிவிட்டான். பிறகு யாரும் திரும்பப் போடவில்லை. கிழக்குக்கரைப் பாதையிலும் மெந்தகாப்புக்கு வடக்கே நெடுந்தூரம் கழற்றினான். 1931-ல் முடித்த பாதை அது. முழுசாக மறுபடி ஓட 1953 ஆனது.

கழற்றிய இரும்பு எங்கே போனது? சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு. அங்கிருந்து பர்மாவுக்கு அவன் போட்ட மரண ரயிலுக்கு.

---

தோட்டத்துப் பிள்ளை
திங்கள், பகல் 1.15

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன், எழுத வேண்டாம் என்றிருந்தேன். ஐயா சொன்னதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தாத்தா சயாம் போய்த் திரும்பி வந்தவர். தோட்டத்தில் ஒருநாள் சாயங்காலம் படம் காட்டுகிறார்கள் என்று கூப்பிட்டார்களாம். போனவர்களை லோரியில் ஏற்றிவிட்டார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம், நல்ல கூலி என்று சொன்னார்கள். அவருக்குப் பத்தொன்பது வயது. கூடப் போன பதினோரு பேரில் இரண்டு பேர் வந்தார்கள்.

அவர் காலில், முழங்காலுக்குக் கீழே, ஒரு பள்ளம் இருந்தது. மூங்கில் கீறிப் புண்ணாகி, புண் எலும்பு வரை போய் ஆறிய இடம். சின்ன வயதில் நான் அதில் விரலை வைத்துப் பார்ப்பேன், என் கட்டைவிரல் முழுசாக உள்ளே போகும். எங்கே தாத்தா அடிபட்டது என்று கேட்டால் ‘கம்பிச்சடக்கு போட்டேன்’, அதாவது ரயில் பாதை போட்டேன் என்று மட்டும் சொல்வார். சயாம் என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ரயிலிலும் ஏறமாட்டார். ஈப்போவுக்கு ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் ரயிலில் போனோம், அவர் மட்டும் இரண்டு பஸ் மாறி வந்தார்.

செந்தூல் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அந்தப் பாதையில் ஒரு பகுதி இப்போது நடைபாதை. எங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிற பள்ளி விடுமுறையில் தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்குப் போகிறோம்.

---

கிள்ளான் கோப்பி
திங்கள், மாலை 5.30

அக்கா, தாத்தாவுக்கு வணக்கம். ஆனால் மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவ்வளவு பேர் செத்த இடத்தில் உலாவப் போவதா? ஐஸ்கிரீம் வண்டி, பாலத்தில் நின்று செல்ஃபி. எனக்குச் சரியாகப் படவில்லை. மரம் வெட்டிய பாதையில் உலாவலாம், இது வேறு.

---

செந்தூல்காரன்
திங்கள், இரவு 8.45

கோப்பி, நீ சொல்வது குவாய் ஆற்றுப் பாலத்துக்குப் பொருந்தும். அங்கே சந்தைக் கூட்டம்தான், நான் போயிருக்கிறேன். ஆனால் நடைபாதை இருப்பது அங்கே இல்லை, மேலே, ஹெல்ஃபயர் பாஸ் என்ற பாறை வெட்டில்.

அந்த ரயில் மொத்தம் 415 கிலோமீட்டர். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல், 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். போர் முடிந்ததும் பெரும் பகுதியைக் கழற்றினார்கள். கொஞ்சம் அணை நீருக்குள் போனது. நாம் தோக் என்ற ஊர் வரை மட்டும் இன்னும் ரயில் ஓடுகிறது. அதற்கு மேல் காடு மூடிவிட்டது. டாம் மோரிஸ் என்ற ஆஸ்திரேலியர், கைதியாக அங்கே வேலை செய்தவர், 1980-களில் தேடிப் போய் அந்தப் பாறை வெட்டைக் கண்டுபிடித்தார். பிறகு ஆஸ்திரேலிய அரசாங்கம் பாதையைச் சுத்தம் செய்து, 1998-ல் அருங்காட்சியகம் கட்டியது. அங்கே ஐஸ்கிரீம் வண்டி கிடையாது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், உளியும் சுத்தியும் வைத்து ஓட்டை போட்டு வெடித்தது. அந்த ஓட்டைகள் இன்னும் பாறையில் இருக்கின்றன. யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

எனக்கு அங்கே இடித்தது வேறு விஷயம். காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் 6,982 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர், வயது, புல் வெட்டிப் பூ வைத்திருக்கிறது. பெரும்பாலும் வெள்ளைக்காரக் கைதிகள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள், செத்தவர்கள் 80,000-இலிருந்து ஒரு லட்சம் என்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலும் நம் ஆட்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் புல்தரையில் இடமில்லை.

இப்போது அலிஷானுக்கு வருகிறேன். அங்கே காட்டுக்குள் ஒரு கல் தூண் இருக்கிறது. அடியில் மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி வட்ட வட்டமாகக் கட்டியிருக்கிறார்கள். ஜப்பான்காரன் 1930-களில் எழுப்பியது. எதற்கு என்று வழிகாட்டியிடம் கேட்டேன். வெட்டிய மரங்களின் ஆவி சாந்தியடைய என்றார்.

மரத்துக்கு.

---

மலைமகள்
திங்கள், இரவு 9.30

ஒரு திருத்தம் சொல்லலாமா? ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பானியர்கள் 1944-ல் ஒரு நினைவுத் தூண் வைத்தார்கள், அந்த ரயிலில் இறந்தவர்களுக்காக. அதில் பல மொழியில் எழுதியிருக்கிறது, தமிழும் உண்டு. மாணவர்களோடு போயிருந்தபோது பார்த்தேன். சுற்றுலா வண்டிகள் எதுவும் அங்கே நிற்பதில்லை, நாங்கள் கேட்டுக் கேட்டுப் போனோம்.

கொன்றவனே வைத்த கல். அதைப் பார்த்து என்ன நினைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள், ‘வாசித்துப் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன்.

---

கிள்ளான் கோப்பி
திங்கள், இரவு 10.20

சரி, நான் பேசியதை வாபஸ் வாங்குகிறேன். பாதி.

தமிழ் எழுத்து என்றதும் ஞாபகம் வந்தது. கோல செப்பெத்தாங்கில், பழைய போர்ட் வெல்டில், 1885-ல் மலாயாவின் முதல் ரயில் வந்து நின்ற ஸ்டேசன் இருந்ததே. தைப்பிங்கிலிருந்து ஈய ஏற்றுமதிக்கு எட்டு மைல் பாதை. பாதையும் இல்லை, ஸ்டேசனும் இல்லை. பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு நடுவில் நிற்கிறது. அதில் நாலு எழுத்து. ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ். நான் அங்கே மீ சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றி ஒரு தமிழ்க் குடும்பம்கூட இல்லை.

---

கம்பிச்சடக்கு
செவ்வாய், காலை 7.05

பிள்ளை, காஞ்சனாபுரி போகிறாய் என்றாய். அப்படியானால் ஒரு வேலை சொல்கிறேன். செந்தூல் தம்பியின் படத்தில் உள்ள எழுத்தும் இதே விஷயம்தான்.

தண்டவாளம் உருட்டும்போதே அதன் வயிற்றில், அதாவது தலைக்கும் பாதத்துக்கும் நடுவில் இருக்கிற ஒல்லியான பகுதியில், புடைப்பு எழுத்து விழுந்துவிடும். எந்தப் பட்டறை, எத்தனை ராத்தல் கனம், எந்த வருஷம். சிலதில் வருஷத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும், அது மாதக் கணக்கு. ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் பிறப்புப் பத்திரம் மாதிரி. நாங்கள் பழைய பாதையில் இதைப் படித்துத்தான் எதை முதலில் மாற்றுவது என்று முடிவு பண்ணுவோம். நூறு வருஷம் ஆனாலும் அழியாது, துருதான் மூடும்.

சயாம் பாதைக்கு இரும்பு நம் நாட்டிலிருந்து மட்டும் போகவில்லை. பர்மா, ஜாவா என்று எல்லா இடத்திலும் பிடுங்கினான். அங்கே கிடக்கிற ஒரு துண்டு எந்த ஊர்ப் பாதையிலிருந்து வந்தது என்று அதன் எழுத்து நேராகச் சொல்லாது. ஆனால் எந்த நாட்டுப் பட்டறை, எந்த வருஷம் என்று சொல்லும். படம் எடுத்து இங்கே போடு. நம் ஆட்கள் அந்த வருஷம் மலாயாவில் போட்ட பாதையா என்று நான் பார்த்துச் சொல்ல முயற்சி செய்கிறேன்.

---

தோட்டத்துப் பிள்ளை
செவ்வாய், பகல் 12.40

கட்டாயம் ஐயா. துரு மூடியிருந்தால் எப்படிப் படிப்பது? சுரண்டலாமா?

---

கம்பிச்சடக்கு
செவ்வாய், பிற்பகல் 2.10

சுரண்டாதே அம்மா, நினைவிடம் அது. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் ஒன்று போதும். படுக்க வைத்து லேசாகத் தேய். புடைத்த எழுத்தில் மட்டும் வெள்ளை ஒட்டும், மற்ற இடம் கறுப்பாக இருக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். படம் எடுத்த பிறகு ஈரத் துணியால் துடைத்துவிடு.

---

தோட்டத்துப் பிள்ளை
செவ்வாய், இரவு 9.15

மகன் ஸ்கூல் பையிலிருந்து இரண்டு துண்டு எடுத்து வைத்துவிட்டேன். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். மஞ்சள் தெரியுமா ஐயா?

---

கம்பிச்சடக்கு
புதன், காலை 6.30

வெள்ளையே எடுத்துக்கொள். பிளாஸ்டிக் பையில் போட்டு வை, அந்தப் பக்கம் மழை சொல்லாமல் வரும்.